வந்தவரும் பிறந்தவரும்

சிதம்பரத்தில் காலைப் பாசஞ்சர் ரயிலைப் பிடித்துக் கடலூருக்கு வந்துகொண்டிருந்தோம். கிள்ளை தாண்டிப் பரங்கிப்பேட்டை வரும்வரை கூட்டம். மீன்கூடைகளும் தூக்குச் சட்டிகளும் இறங்கிய பிறகுதான் எதிரே இருந்தவரின் முகம் தெரிந்தது. இருபத்தைந்து வயது மதிக்கலாம். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள். உறையைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. பட்டமளிப்பு விழாத் தாளும் பெயிண்ட் கறையும் ஒரே கையில் இருந்ததால், பேச்சுக் கொடுத்தோம்.

"எந்த ஊர் தம்பி?"

"எந்த ஊரைச் சொல்றதுங்க ஐயா? பிறந்த ஊரைக் கேக்குறீங்களா, படிவத்துல எழுதுற ஊரைக் கேக்குறீங்களா?"

கேலியாகச் சொல்லவில்லை அவர். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்விக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில் அது. பிறந்தது இந்தக் கடலூர் மாவட்டத்திலே, இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றிலே. தாய் தந்தையர் 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். இவர் பேசக் கற்றது இங்கே, பள்ளி சென்றது இங்கே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படித்ததும் இங்கேதான். ஆனால் எந்தப் படிவத்திலும் 'எந்த நாட்டவர்' என்ற கட்டத்தில் 'இலங்கை' என்றே எழுதி வந்திருக்கிறார். இலங்கையை அவர் கண்டதில்லை. "தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில கால் நனைச்சிருக்கேன். அதுக்கு அந்தப் பக்கம் தெரியாதுங்க" என்றார்.

சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். தேர்வு எழுதினார், தேறினார். நேரில் பேசினார்கள், பிடித்துவிட்டது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது ஆவணங்களைக் கேட்டிருக்கிறார்கள். அத்தோடு சரி, நாலாவது அழைப்பு வரவேயில்லை. இப்போது முகாமைச் சேர்ந்த மற்ற இளைஞர்களோடு சேர்ந்து கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அன்று கடலூருக்கு வந்தது ஏதோ ஒரு தாளில் ஏதோ ஒரு கையெழுத்துக்காக.

எதைப் பற்றி ஆய்வேடு எழுதினீர்கள் என்றோம். "நெய்தல் பாட்டுங்க ஐயா. தனிநாயகம் அடிகளார் புத்தகத்தைத்தான் ஆதாரமா வச்சுக்கிட்டேன்."

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நமக்கு ஒரு கணம் பேச்சு எழவில்லை. காரணம் உண்டு. எண்பது ஆண்டுகளுக்கு முன்னே, இதே சிதம்பரத்துக்கு, இதே தமிழ் எம்.ஏ. படிக்க, இதே கடலுக்கு அப்பாலிருந்து வந்த மாணவர் அல்லவா அந்தத் தனிநாயகம்! அவர் கடல் கடந்து வந்தவர், இவர் இங்கேயே பிறந்தவர். இருவரில் யாரை அயலார் என்பது? நாட்டிலே உள்ள சட்டம் ஒரு விடை சொல்கிறது. அந்த விடை சரிதானா என்று பார்க்க, முதலில் வந்தவரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஊர்காவற்றுறை வட்டாரத்தில் கரம்பன் என்னும் ஊரில் 1913 ஆகஸ்ட் 2-ஆம் நாள் பிறந்தவர் சேவியர் ஸ்தனிசுலாஸ். பிற்காலத்தில் தனிநாயகம் என்று தமிழுலகம் அழைத்தது இவரைத்தான். கிறித்தவப் பாதிரியாராக வேண்டும் என்று கொழும்பிலே படித்தார். பிறகு உரோமாபுரிக்குச் சென்று 1934 முதல் 1939 வரை தங்கிப் பயின்று, ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜ் திருச்சபைக் குருமாரைப் பற்றி ஆராய்ந்து மறையியலில் டாக்டர் பட்டம் பெற்றார். இலத்தீன் தெரியும், இத்தாலியம் தெரியும், பிரெஞ்சு தெரியும். தமிழ்? வீட்டில் பேசிய அளவுக்குத் தெரியும்!

ஊர் திரும்பியவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்றார். 1940-இல் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக வந்தமர்ந்தார். அங்கேதான் அவருக்கு வெட்கம் வந்தது. உலக மொழிகள் பல பேசுகிற நாம் நம் மாணாக்கர் முன்னே நல்ல தமிழில் நாலு வாக்கியம் பேசத் தடுமாறுகிறோமே என்கிற வெட்கம். இந்த வெட்கம் நம்மவர் எத்தனையோ பேருக்கு வந்திருக்க வேண்டியது, வராமலே போனது. இவருக்கு வந்தது. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக உட்கார்ந்து, ஆண்டுக் கணக்கில் இலக்கண இலக்கியம் பாடங்கேட்டார். பாதிரியார் ஒருவர் பண்டித ஐயரிடம் பழந்தமிழ் கேட்கும் காட்சியை வாசகர்கள் மனக்கண்ணில் பார்க்கட்டும். தமிழுக்கு அப்படி ஓர் ஆற்றல் உண்டு.

1945-இல் சிதம்பரம் வந்தார். வயது 32. உடன் படிக்க வேண்டியவர்களெல்லாம் இருபதை ஒட்டிய பிள்ளைகள். நடராசர் கோயில் கோபுரத்து நிழலில் வளர்ந்த ஊரில், வெள்ளை அங்கி தரித்த பாதிரியார் ஒருவர் தமிழ் எம்.ஏ. வகுப்பில் வந்து உட்காருகிறார். தென்னாட்டுக் கல்லூரிகளில் படித்துப் பெற்ற பி.ஏ. பட்டம் அவரிடம் இல்லை. இருந்தது உரோமாபுரிப் பட்டமும் வடக்கன்குளத்துப் பாடமுந்தான். அப்போது துணைவேந்தராக இருந்தவர் இரத்தினசாமி. தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். அவர்கள் அந்த மனிதரின் அறிவைப் பார்த்தார்கள், ஆர்வத்தைப் பார்த்தார்கள், உள்ளே வா என்றார்கள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஈழத்தவர் புதியவரல்லர். செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் அதனை நிறுவிய பின், 1931-இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவரே ஈழத்தவர்தாம். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள் அவர். பிற்காலத்தில் 'யாழ் நூல்' எழுதிப் பழந்தமிழிசையை மீட்டுத் தந்தவரும் அவரே. ஆக, கடலுக்கு அப்பாலிருந்து வாத்தியார் முந்தி வந்தார், மாணவர் பிந்தி வந்தார். இடையிலே நாவலர் சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி கதிரேசனார் போன்றோர் அங்கே தமிழ் வளர்த்தனர். நெடுஞ்செழியனும் அன்பழகனும் அந்த மண்டபங்களில் படித்து, பேசிப் பழகி, வெளியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தனிநாயகம் வந்தபோது தமிழ் அங்கே வெறும் பாடமாக இருக்கவில்லை. சூடாக இருந்தது.

விபுலானந்தரிடமும் தனிநாயகத்திடமும் "பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே, கடலூர்ப் போலீஸ் அலுவலகத்தில் பதிவு செய்தாயிற்றா" என்று யாரும் கேட்கவில்லை. பெருந்தன்மை என்று அதற்குப் பெயர் சூட்ட மாட்டோம். இரு நாடும் ஒரே வெள்ளையன் காலடியில் கிடந்த காலம் அது. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயிலைப் பிடித்தால் தீர்ந்தது. ஆண்டானுக்குத் தன் தோட்டத்தின் இரண்டு மூலைகளுக்கு நடுவே வேலி எதற்கு? சுதந்திரம் வந்தது, கூடவே வேலியும் வந்தது. சுதந்திர நாடு தன் எல்லையைக் காப்பது முறைதான், அதை நாம் குறை கூறவில்லை. வேலிக்கு எந்தப் பக்கத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறோம்.

எம்.ஏ. முடித்து, தொடர்ந்து எம்.லிட். ஆய்வில் இறங்கினார் தனிநாயகம். பொருள், சங்கப் பாட்டில் இயற்கை. இன்றைக்கு யாரும் எடுக்கக்கூடிய தலைப்புத்தான். அன்றைக்கு அவர் அதை எடுத்த முறைதான் புதிது. கிரேக்க மொழியிலும் இலத்தீனிலும் முல்லை நிலத்து ஆயர் பாட்டுக்கள் உண்டு. தியோக்ரிட்டஸ் பாடியிருக்கிறான், வர்ஜில் பாடியிருக்கிறான். ஆங்கிலத்தில் வேர்ட்ஸ்வொர்த் இயற்கையைத் தெய்வமாக்கிப் பாடியிருக்கிறான். அவர்களையெல்லாம் மூலத்திலே படித்த ஒருவர் குறுந்தொகையையும் அகநானூற்றையும் கையில் எடுத்தால் என்ன நடக்கும்? நம் பண்டிதர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஐந்திணை, உலக இலக்கியத்தில் வேறெங்கும் இந்த அளவு ஒழுங்காக வகுக்கப்படாத ஒரு முறை என்று அவர் கண்ணுக்குப் பட்டது. மலை என்றால் கூடல், கடற்கரை என்றால் இரங்கல், காடு என்றால் காத்திருத்தல் என்று நிலத்தையும் நெஞ்சத்தையும் ஒரே நூலில் கோத்த கவிஞர் கூட்டம் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இருந்தது என்பதை, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவரே எடுத்துச் சொல்ல முடிந்தது.

சிதம்பரத்தைச் சுற்றி நடப்பவருக்கு இந்த ஆய்வு அங்கே பிறந்ததில் வியப்பிராது என்று நாம் நினைப்பதுண்டு. மேற்கே திரும்பினால் வீராணத்துப் பாசனத்தில் நெல் வயல், மருதம். கிழக்கே போனால் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் உப்பங்கழியும், நெய்தல். தெற்கே கொள்ளிடம். ஒரு சைக்கிள் இருந்தால் ஒரே மாலையில் இரண்டு திணையைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பலாம். அடிகளார் அப்படிச் சுற்றினாரா என்பது வேறு. நெய்தல் நிலத்துத் தீவுக்காரருக்குக் கழியும் கானலும் யாரும் காட்டித் தெரிய வேண்டியவை அல்ல.

அந்த ஆய்வு 1950-களின் தொடக்கத்தில் ஆங்கில நூலாக வந்து, 1966-இல் பம்பாயிலே 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்ற பெயரில் மறுபடியும் அச்சேறியது. சங்கப் பாட்டைத் தமிழறியாதார் அறிய அது வாயிலாயிற்று.

பட்டம் கிடைத்துவிட்டது. பிறகு? பட்டம் பெற்ற எந்தப் பிள்ளைக்கும் மறுநாள் காலை எழுந்ததும் வரும் கேள்வி இது. தனிநாயகத்துக்கு விடை சுலபமாக இருந்தது. படிக்கும்போதே, 1948-இல், தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். வெளிநாட்டவர் இங்கே கழகம் தொடங்கலாமா, ஊதியம் வாங்கலாமா, எத்தனை நாள் தங்கலாம் என்ற விசாரணை எதுவும் குறுக்கே வரவில்லை. படிப்பும் பணியும் ஒரே ஓட்டமாக ஓடின. பிறகு ஜப்பான், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றிச் சொற்பொழிவாற்றினார். போன இடமெல்லாம் அவர் கண்ட காட்சி ஒன்றே. இந்திய இலக்கியம் என்றால் வடமொழி, இந்தியப் பண்பாடு என்றால் வடமொழி. தமிழ் என்று ஒன்று இருப்பதே பல பேராசிரியர்களுக்குத் தெரியாது. நம்மிலே பலர் இதை மேடையில் சொல்லி ஆத்திரப்பட்டோம். ஆத்திரப்பட வேண்டியதுந்தான். அவர் ஆத்திரப்படுவதோடு நிற்காமல், அவர்கள் படிக்கிற மொழியிலே ஒரு பத்திரிகை நடத்தினார். 1952-இல் பிறந்தது 'தமிழ்க் கல்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டு ஏடு. அதே ஆண்டு தமிழருக்காகத் தமிழில் எழுதிய 'தமிழ்த் தூது' நூலும் வந்தது.

இங்கே ஒரு கசப்பான செய்தி. தமிழில் எம்.ஏ., எம்.லிட். பெற்று, பல ஐரோப்பிய மொழிகள் கற்று, உலகைச் சுற்றிவந்த இந்த மனிதருக்கு 1952-இல் கிடைத்த பல்கலைக்கழக வேலை என்ன? இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி. தமிழ்த் துறையிலா? இல்லை, கல்வித் துறையிலே! பிறகு இலண்டன் சென்று, பண்டைத் தமிழ் நூல்களில் கல்விச் சிந்தனை என்பதைப் பற்றியே ஆராய்ந்து, அங்கும் டாக்டர் ஆனார். கல்வித் துறையில் உட்கார வைத்தாலும் கையில் தமிழ்தான் இருந்தது.

தமிழ்நாடு என்ன செய்தது? நாமும் கண்ணாடி பார்த்துக் கொள்ள வேண்டும். அவர் வாழ்நாளில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்ததில்லை. மாலை போட்டோம், மேடை போட்டோம், நாற்காலி மட்டும் போடவில்லை. 1956-இல் இலங்கையிலே சிங்களம் மட்டும் சட்டம் வந்து தமிழர் வாழ்வு இறுகியது. 1961-இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார், இந்தியவியல் துறையின் தலைவரானார். கோலாலம்பூர் அவரைப் பயன்படுத்திக் கொண்டது. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த, 1679-இல் அம்பலக்காட்டிலே அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை அவர் 1966-இல் அப்படியே படமெடுத்து மறுபதிப்புச் செய்ததும் கோலாலம்பூரில்தான்.

1964 ஜனவரியில் டில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26-ஆவது உலக மாநாடு கூடியது. அங்கே கூடிய தமிழ் ஆர்வமுள்ள அறிஞர்களை ஒன்றுதிரட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார் தனிநாயகம். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவர். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் தனிநாயகமும் செயலாளர்கள். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாவது. அண்ணா முதலமைச்சர், கடற்கரையில் சிலைகள் எழுந்தன, ஊரே திருவிழாக் கோலம் பூண்டது. அந்த விழாவை நம் தலைமுறைகள் இன்றும் பேசுகின்றன. அதன் ஆணிவேர் சிதம்பரத்தில் எம்.ஏ. படித்த ஓர் ஈழத்து மாணவரிடம் இருந்தது என்பதைப் பேசுவோர் குறைவு. 1970-இல் பாரிசு, 1974-இல் யாழ்ப்பாணம். யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளில் போலீசார் புகுந்ததும் உயிர்கள் போனதும் தமிழர் நெஞ்சில் ஆறாத வடு. 1980 செப்டம்பர் 1-இல் அடிகளார் மறைந்தார். நான்கு மாதம் கழித்து, 1981 ஜனவரியில், மதுரையில் ஐந்தாம் மாநாடு அவரின்றி நடந்தது.

இவ்வளவும் ஒரு மாணவரை உள்ளே விட்டதன் பலன். சிதம்பரம் கொடுத்தது நான்காண்டுப் படிப்பு, ஒரு நூலகம், நல்ல ஆசான்கள். திரும்பப் பெற்றது என்ன என்று கணக்குப் பார்க்கட்டும் கணக்குத் தெரிந்தவர்கள்.

இப்போது இன்றைய சிதம்பரத்துக்கு வருவோம். இன்று ஒரு தனிநாயகம் யாழ்ப்பாணத்திலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் விசா வாங்க வேண்டும். நீண்டகால விசா என்றால் வந்து 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சென்னை போன்ற பெருநகரங்களில் அதற்குத் தனி அலுவலகம் உண்டு. மற்ற மாவட்டங்களில் போலீஸ் சூப்பரின்டென்டே அந்நியர் பதிவு அதிகாரி. சிதம்பரத்தில் படிப்பவருக்கு அந்த வாசல் கடலூரில் இருக்கிறது. இப்போது மனுவை இணையத்தில் போடலாம் என்பது ஒரு சௌகரியம். இதெல்லாம் நியாயந்தான், எந்த நாட்டிலும் உள்ளதுதான். ஆனால் பட்டம் பெற்ற மறுநாள்? மாணவர் விசாவில் வேலை செய்ய முடியாது. வேலை விசா வேண்டுமென்றால், சில விலக்குகள் நீங்கலாக, ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஊதியம் தருகிற முதலாளி கிடைக்க வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு அந்த ஊதியம் தர எந்த முதலாளி காத்திருக்கிறார்? நம்மூர்ப் பிள்ளைகளுக்கே அதில் ஐந்திலொரு பங்கு கிடைத்தால் வீட்டில் பொங்கல் வைப்பார்கள்! 1948-இல் தூத்துக்குடியில் கழகம் தொடங்கிய மாணவர், இன்றாயிருந்தால், சான்றிதழோடு விமான நிலையத்தில் நின்றிருப்பார்.

அவருக்காவது திரும்பிப் போக ஒரு நாடு உண்டு, கையில் ஒரு பாஸ்போர்ட் உண்டு. ரயிலில் நம் எதிரே உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு?

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் தாராளமாகத்தான் இருந்தது. இந்த மண்ணில் பிறந்தவர் இந்த நாட்டவர் என்றது. பிறகு திருத்தினார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவருக்கோ, ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாக வந்தவராக இருந்தால்கூடக் கிடையாது. 1983-க்குப் பிறகு உயிர் பிழைக்கப் படகேறி வந்தவர்களிடம் விசா எங்கிருந்து வரும்? ஆகவே அவர்கள் சட்டத்தின் கண்ணில் கள்ளக் குடியேறிகள். அவர்கள் பிள்ளைகள் பிறந்த மண்ணில் அயலார். 1987-க்கு முன்பு முகாமில் பிறந்துவிட்ட ஓரிருவர் நீதிமன்றம் ஏறி நீதி பெற்றதுண்டு. சில மாதம், சில ஆண்டு பிந்திப் பிறந்தது மற்றவர்கள் குற்றமா?

2019-இல் குடியுரிமைச் சட்டத்தை மீண்டும் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த இந்துக்கள், கிறித்தவர்கள் முதலியோருக்குக் கதவு திறந்தது. இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்கும் திறக்கவில்லை, கிறித்தவருக்கும் திறக்கவில்லை. அவர்கள் எந்த மதத்தவராயினும் தமிழர். அதுதான் தடையோ என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனை விதிகளிலிருந்து மத்திய சர்க்கார் விலக்களித்தது. நல்லது, வரவேற்கிறோம். சிறைக்குப் போக வேண்டாம் என்றாயிற்று. வேலைக்குப் போகலாம் என்று எப்போது ஆகும்?

மாநில அரசு தன் பங்குக்குச் செய்தது. 2021-இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, புதிய வீடுகள், படிப்புக்கு உதவி என்று தொடங்கியது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது சிறு செய்தியல்ல, பள்ளியில் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்ட பிள்ளையைக் கேட்டால் தெரியும். ஆனால் படிக்க வைக்கிற கை ஒரு சர்க்காருடையது, குடியுரிமை தருகிற கை இன்னொரு சர்க்காருடையது. முதல் கை எம்.ஏ. வரை ஏற்றிவிடுகிறது. இரண்டாம் கை ஏணியை எடுத்துவிடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் அரை லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி நடு ஏணியில் நிற்கின்றனர்.

"போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே" என்பாரும் உளர். போக விரும்புவோர் போகட்டும், போயும் இருக்கிறார்கள். கடலூரில் பிறந்தவரைப் பார்த்துத் 'திரும்பிப் போ' என்றால் எங்கே திரும்புவார்? திருப்பாதிரிப்புலியூருக்கா? இன்னும் சிலர், "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள்" என்கிறார்கள். இன்றைக்கு வருகிறவர்களைப் பற்றியா நாம் பேசுகிறோம்? முப்பது நாற்பது ஆண்டுகளாக இங்கே இருப்பவர்கள், ரேஷன் அட்டை முதல் கைரேகை வரை சர்க்காரின் பதிவேட்டில் உள்ளவர்கள், இவர்கள்.

கடலூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1918 நவம்பரில் பிரெஞ்சுப் புதுச்சேரியிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிய பாரதியை, எல்லையைத் தாண்டியதும் கைது செய்து வெள்ளையர் அடைத்து வைத்தது கடலூர்ச் சிறையில்தான். சொந்த நாட்டுக்குள் கால் வைத்தவனை அந்நியச் சட்டம் பிடித்தது. வெள்ளையன் போய் எத்தனை ஆண்டு!

ரயில் ஆலப்பாக்கத்தில் வெகுநேரம் நின்றது. தனிநாயகம் எந்த வயதில் எம்.ஏ. சேர்ந்தார் தெரியுமா என்று அந்த இளைஞரைக் கேட்டோம். தெரிந்திருந்தது. "முப்பத்திரண்டு. எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்குங்க" என்று சிரித்தார். எம்.ஏ.வுக்கு மேல் ஆராய்ச்சி செய்ய ஆசை. மன்னார்க் கடற்கரையில் இன்றும் பாடப்படும் பரதவர் பாட்டுக்களை நெய்தற் பாட்டோடு ஒப்பிட வேண்டுமாம். அம்மா சில பாட்டுக்கள் பாடுவாராம். மற்றவற்றைப் போய்க் கேட்க வேண்டும். போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். போனால் திரும்பி வருவதற்கு விசா வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் லிஸ்பனிலும் வத்திக்கானிலும் தமிழ்ச் சுவடி தேடினார். இவர் பதினெட்டு மைல் கடலைத் தாண்டி அம்மாவின் ஊர்ப் பாட்டைக் கேட்க முடியவில்லை.

முதுநகர் நிலையத்தில் இறங்க எழுந்தார். அன்று மாலைக்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும், மறுநாள் கணக்கெடுப்பு, ஆள் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றார். நாம் பத்திரிகைக்கு எழுதுகிறவர் என்று சொன்னோம். வாசலில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"எழுதுங்க ஐயா. பேரை மட்டும் போட்டுடாதீங்க."

போடவில்லை.